பிரேக்கெல்லாம் மாத்தியாச்சு

ஏறுங்க டீச்சர். அந்தக் கதவ லேசா மேல தூக்கி இழுத்துச் சாத்துங்க, இல்லாட்டிப் பூட்டாது. சீட்டுல இருந்த மூட்டையப் பின்னாடி போட்டுட்டேன், மண்ணு கிண்ணு இருந்தா தட்டி விட்டுருங்க. சவ்சவ் மூட்டைக்கு எதுக்குய்யா சீட்டு பெல்ட்டுன்னுதான பாக்குறீங்க? அது சும்மா ஒரு இதுக்கு. பக்கத்துல காலியாக் கெடந்தா எனக்கு ஓட்ட மனசு வர மாட்டேங்குது. ஒரு மூட்டையத் தூக்கி வச்சு பெல்ட்டப் போட்டு விட்டா, ஓரக்கண்ணுல பாக்குறப்ப யாரோ ஒக்காந்திருக்குற மாதிரி இருக்கும். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, சிரிச்சா என்ன இப்ப.

பஸ்ஸு போயிருச்சேன்னு வெசனப்படாதீங்க. அடுத்தது கெளம்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், நான் அதுக்குள்ள உங்கள வத்தலக்குண்டுல எறக்கி விட்டுருவேன். எப்படியும் மார்க்கெட்டுக்குத்தான போறேன். என்னைய உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. வெள்ளைச்சாமி. உங்க பள்ளிக்கூடத்துக்குக் கீழ நீலத் தகரம் போட்ட வீடு. தாண்டிக்குடிக்கு நீங்க வந்து இப்பத்தான ஒரு மாசம் ஆகுது, ஆளு பேரெல்லாம் பழகிருக்காது. வெள்ளிக்கெழமை ஆனா பையத் தூக்கிட்டு ஊருக்கு ஓடிருவாகன்னு சத்துணவு சமைக்கிற அக்கா சொன்னாக. ஓடத்தான செய்வீங்க, அங்க உங்களுக்கு ஆளு இருக்கு.

காசெல்லாம் வேண்டாம், பைய மூடுங்க. அதுக்குப் பதிலா எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை பண்ணணும். கீழ போற வழியில கருப்பசாமி கோயில் வளைவுன்னு ஒண்ணு வரும், அங்கதான் போனுக்கு டவரு கெடைக்கும். நிப்பாட்டி எம் பொண்டாட்டிக்குப் போட்டுத் தாரேன். "நான் உங்க வீட்டுக்காரர் வண்டியிலதான் வந்துக்கிட்டு இருக்கேன், பிரேக்கு நல்லாப் புடிக்குது, பயமே இல்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அம்புட்டுத்தான். நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. நீங்க படிச்சவுக, அதுவும் பொம்பள, உங்க பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்குல்ல. பொய் சொல்லச் சொல்லல டீச்சர். கோயில் வளைவு வர்ற வரைக்கும் நீங்களே பாத்துக்கிட்டு வாங்க. நல்லா இருந்தாச் சொல்லுங்க.

அவ பேரு பஞ்சவர்ணம். வத்தலக்குண்டுல எங்க மக தேன்மொழி வீட்டுல இருக்கா. தை மாசம் போனவ, இந்தா ஆடி பொறக்கப் போகுது. கையி ஒடஞ்சு போனா. கையெல்லாம் எப்பவோ கூடிருச்சு. ஆனா ஆளு வரல.

சண்டையெல்லாம் கெடையாது. அத மொதல்ல சொல்லிடுறேன், ஊருக்குள்ள ஒருத்தன் ஒண்ணு சொல்லுவான், ஒருத்தன் ஒண்ணு சொல்லுவான். எங்களுக்குள்ள சண்டையே கெடையாது. பிரச்சனை பூராம் இந்த பிரேக்குதான்.

இந்த வண்டி வாங்குன நாள்லருந்து அவ இந்த சீட்டுலதான் வருவா. லோடு ஏத்துறப்பவே கொண்டை போட்டு, தூக்குவாளியில சோறு கட்டிக்கிட்டு ஏறி ஒக்காந்துருவா. எடை போடுறப்ப பக்கத்துல நின்னு பாக்குறது அவதான், கமிஷன் கடைக்காரன்கிட்ட மல்லுக்கட்டுறதும் அவதான். நான் வாயத் தொறந்தா வெலை கொறஞ்சு போயிரும்னு சொல்லுவா, அது உண்மைதான், எனக்குச் சீக்கிரம் கோவம் வந்துரும். வழி நெடுக வளவளன்னு பேசிக்கிட்டே வருவா. எந்த வீட்டுல மாடு கன்னு போட்டுச்சு, எவன் காப்பித் தோட்டத்த வித்தான்னு ஒண்ணு விடாம. அப்ப எனக்கு எரிச்சலா வரும். சித்த வாய மூடிக்கிட்டு வாடின்னு எத்தனையோ தடவ கத்திருக்கேன். இப்ப யாரும் பேசுறதில்ல. நீங்களாச்சும் எதாவது பேசிக்கிட்டு வாங்க டீச்சர். இல்ல, பரவால்ல, நானே பேசுறேன்.

இந்தா, எறக்கம் ஆரம்பிச்சிருச்சு. நியூட்ரல்ல தட்டியாச்சு. எப்படி இருக்கு பாருங்க? எஞ்சின் சத்தமே இல்ல, தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி. மலை எறங்குறதுக்கு எஞ்சின் எதுக்கு? வண்டிதான் தானாப் போகுதே. டீசல் விக்கிற வெலையில எறக்கத்துலயும் கியரப் போட்டு உறுமிக்கிட்டே போறானுக பாருங்க, அவனுகளுக்கெல்லாம் காசு மரத்துல காய்க்குதா என்ன. எங்க அப்பாரு லாரி ஓட்டுன காலத்துலருந்து எறக்கம்னா நியூட்ரல்தான். முன்னயெல்லாம் நான் சாவியவே அணைச்சுப் போட்டு எறங்குவேன். இப்ப அப்படிச் செய்யுறதில்ல. அந்த சம்பவத்துக்கு அப்பறம் மாத்திக்கிட்டேன். மனுசன்னா திருந்தணும்ல.

அந்த சம்பவம் என்னன்னா, தை மாசம், பொங்கல் முடிஞ்ச வாரம். லோடு கொஞ்சம் கூடுதல். கூடுதல்னா, எல்லாரும் ஏத்துறதுதான். சாவிய அணைச்சு எறங்கிக்கிட்டு இருக்கோம். இவ வழக்கம் போல ஆரம்பிச்சுட்டா, கியரப் போடுங்க, கியரப் போடுங்கன்னு. வழி நெடுக இதே பாட்டு. இதக் கேட்டுக் கேட்டு என் காது மரத்துப் போச்சு. அப்பறம் கருகுன வாடை அடிக்குதுங்குறா. எனக்கு அடிக்கல. ஒரு வளைவுல பிரேக்க அமுக்குறேன், பெடலு கல்லு மாதிரி நிக்குது. ஏறி மிதிக்கிறேன், வண்டி நிக்க மாட்டேங்குது. அது பாட்டுக்குப் போகுது.

ஆனா பாருங்க, நான் பதறல. இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். வண்டிய அப்படியே மலைப் பக்கமா ஒரசி விட்டேன். மண்ணுல சொருகி நின்னுச்சு. வேற எவனாவது இருந்தா பள்ளத்துலதான் கெடந்திருக்கணும். ரெண்டு உசுரக் காப்பாத்திருக்கேன், அத இன்னைக்கு வரைக்கும் அவ வாயால ஒரு வார்த்தை சொல்லல. மலைப் பக்கம் அவ சீட்டு, அதனால அந்த இடி அவ கையில விழுந்திருச்சு. மணிக்கட்டு. எனக்கு ஒரு கீறல் கெடையாது.

ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுட்டு இருக்கும்போது மக முன்னாடி சொன்னா, "இனிமே அந்த வண்டியில என் காலு படாது"ன்னு. சத்தம் போட்டுக்கூடச் சொல்லல. சாதாரணமா, உப்பு தீந்துபோச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னா. நான் அத ராத்திரியும் பகலும் யோசிச்சுப் பாத்தேன் டீச்சர். அவ என்ன சொன்னா? வண்டின்னுதான சொன்னா. என்னையச் சொல்லல. உங்கூட இனி இருக்க மாட்டேன்னு அவ சொல்லல. வண்டி. அப்ப வண்டியச் சரி பண்ணிட்டா வந்துருவால்ல? இதுல வேற அர்த்தம் எதுவும் இருக்கா? நீங்களே சொல்லுங்க.

புது வண்டி வாங்குறதுக்கு நம்மகிட்ட வசதி இல்ல. கம்பெனியில போயி பிரேக்கு செட்டு பூராத்தையும் மாத்தக் கேட்டேன், அவன் சொன்ன தொகைக்கு பாதி வண்டி வாங்கிரலாம். வத்தலக்குண்டுல காஜா பாய்னு ஒரு மெக்கானிக், நமக்கு ரொம்ப நாளுப் பழக்கம். பாய், எனக்கு கம்பெனி சாமானும் வேண்டாம், கம்பெனி வெலையும் வேண்டாம், ஆனா பிரேக்கு இரும்புச் சொவத்துல மோதுன மாதிரி நிக்கணும்னேன். அவர் தாடியத் தடவிக்கிட்டே சிரிச்சாரு. கொஞ்சங் கொஞ்சமாப் பண்ணுவோம் வெள்ளைச்சாமின்னாரு.

மொதல்ல பூஸ்டரு. நாம லேசா மிதிச்சாலும் கூட நாலு காலு சேந்து மிதிக்கிற மாதிரி பலத்தக் கூட்டிக் குடுக்கும்ல, அது. திண்டுக்கல் காயலாங்கடையில ஒரு நாப் பூராம் தேடி, இதவிடப் பெரிய வண்டியோடது ஒண்ணு கண்டுபுடிச்சேன். அடிபட்ட வண்டிதான், ஆனா பூஸ்டருக்கு ஒரு கீறல் இல்ல. அப்பறம் முன் சக்கரத்து டிஸ்க்கு. பெரிய மாடல் வண்டியோட தட்டு இதுக்கு அப்படியே உக்காராது, பாய் லேத்துக்காரன்கிட்டச் சொல்லி ஒரு பட்டை கடைஞ்சு வாங்கி உக்கார வச்சாரு. பின் சக்கரத்து டிரம்முக்குள்ள ஒரசி நிப்பாட்டுற லைனரு புதுசு. ரப்பர் ட்யூப்பு பூராம் புதுசு. பிரேக்கு ஆயிலு மாத்திரம் நல்ல ஒசத்தியா வாங்கச் சொல்லிட்டாரு, அதுல கஞ்சத்தனம் பாக்காதன்னாரு. ஒவ்வொரு சாமானும் மாட்டுறப்ப நான் பக்கத்துலயே ஒக்காந்திருப்பேன். வீட்டுக்குப் போயி என்ன பண்ணப் போறேன்.

காசு எங்கிட்டிருந்து வந்துச்சுன்னா, அவ ரெண்டு வெள்ளாடு வளத்தா. அத வித்துட்டேன். அவளுக்காகத்தான வித்தேன்? அவ வந்து ஒக்கார்ற சீட்டுக்காகத்தான? ஆட்டப் பாக்க வீட்டுல ஆளும் இல்ல. சின்னது அவ பேச்சுக் கொரல் கேட்டாத்தான் தழை திங்கும், அவ போனதுலருந்து அது ஒழுங்காத் திங்கவும் இல்ல. போன்ல சொன்னேன், ஆட்டக் குடுத்துட்டேன் பஞ்சவர்ணம், பூஸ்டரு வாங்கியாச்சுன்னு. ஒடனே போன மக வாங்கி, அம்மா துணி எடுக்க மாடிக்குப் போயிருக்குன்னா. சந்தோசத்துல பேச்சு வரலபோலன்னு நெனச்சுக்கிட்டேன்.

என்ன டீச்சர், கம்பிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டீங்க? வளைவுதான, பாருங்க எப்படித் திரும்புதுன்னு. லேசாத் தொடுறேன், பாத்தீங்களா, அமுங்கி நிக்குது. கால நீட்டி அங்க மிதிக்காதீங்க, அங்கிட்டு பிரேக்கு இல்ல. அவளும் இப்படித்தான், நான் இங்க மிதிச்சா அவ அங்க மிதிப்பா. அந்தக் காலடி ரப்பர் மேட்டுல ஓட்டை தெரியுதா, அது அவ குதிங்கால் பட்டுப் பட்டு வந்ததுதான். மேட்ட மாத்தச் சொல்லி பாய் சொன்னாரு. நான் மாத்தல. அது கெடந்துட்டுப் போகட்டும்.

வீடு வெறிச்சோடிக் கெடக்கு டீச்சர். இத யாருகிட்டச் சொல்ல. ஆம்பள இப்படிப் பேசுனாச் சிரிப்பாக. ஒலைய வச்சா ஒரு ஆளுக்கு எம்புட்டு அரிசி போடுறதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல, ஒண்ணு மிஞ்சிப் போகுது, இல்ல பத்தாமப் போகுது. டிவியப் போட்டு விட்டுட்டு அடுப்படியில நிப்பேன், எவனாவது பேசிக்கிட்டு இருக்கட்டும்னு. போன வாரம் சீரியல்ல ஒரு பொம்பள "ஏங்க"ன்னு கூப்புட்டா. நான் "என்ன"ன்னுட்டேன். வாயில இருந்து வந்துருச்சு.

அதனாலதான் ரோட்டுல யாரு கையக் காட்டுனாலும் ஏத்திக்கிறது. பேச்சுத் தொணைக்கு. ஆனா ஒண்ணு பாருங்க, ஒருத்தரும் மறு தடவ ஏற மாட்டேங்குறாக. தபால்காரரு ஒரு நாள் வந்தாரு, மறுநாள் கூப்புட்டா நடந்தே போறேன் சக்கரை இருக்குன்னுட்டாரு. ரேஷன் கடைக்காரரு ஒரு நாள் வந்தாரு, அப்பறம் என் வண்டியப் பாத்தாலே போன எடுத்துக் காதுல வச்சுக்குறாரு. என்ன கோவமோ. நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணல.

வேல பூராம் முடிஞ்சதும் காஜா பாய் சொன்னாரு, பிரேக்கு இப்ப நல்லா இருக்கு வெள்ளைச்சாமி, ஆனாலும் நீ கியருல எறங்கு, எஞ்சினே வண்டிய இழுத்துப் புடிக்கும், பிரேக்க மட்டும் நம்பாத, எந்தப் பிரேக்கும் சூட்டுக்கு முன்னாடி நிக்காதுன்னாரு. சரி பாய்னு தலைய ஆட்டி வச்சேன். இம்புட்டு செலவு பண்ணி பிரேக்கு போட்டதே எதுக்கு? பிரேக்கு நல்லா இருந்தா கியரு எதுக்கு? கியருலதான் எறங்கணும்னா பழைய பிரேக்கே போதுமே. இத அவர்கிட்டக் கேக்கல, பாவம், நல்ல மனுசன், எதுக்கு மனசக் கெடுக்கணும்.

அன்னைக்கே அவளக் கூப்புடப் போகல. ஒரு வாரம் நானே ஓட்டிப் பாத்து, நல்லா நிக்குதுன்னு தெரிஞ்ச பிறகுதான் போனேன். வண்டியக் கழுவி, நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தி, கண்ணாடிக்கு ஒரு மொழம் மல்லிகைப்பூ சுத்தி, மலையில இருந்து நேரா மக வீட்டு வாசலுக்குக் கொண்டு போயி நிப்பாட்டுனேன். ஆரன அடிச்சேன். மக வந்தா, பின்னாலயே இவ வந்தா. இளைச்சிருந்தா. இல்ல, நல்லாத்தான் இருந்தா, எனக்கு அப்படித் தெரிஞ்சுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, வெயில்னு சொல்லித் தொடச்சுக்கிட்டேன்.

பானட்டத் தொறந்து பூஸ்டரக் காட்டுனேன். குனிஞ்சு டிஸ்க்கக் காட்டுனேன். இது பெரிய வண்டியோடது பஞ்சவர்ணம், யானைய ஏத்துனாலும் நிக்கும்னு சொன்னேன். அவ மெதுவாச் சுத்தி வந்தா. முன் சக்கரத்துக்கிட்ட வந்து குத்த வச்சு ஒக்காந்தா. கையி, அந்த ஒடஞ்ச கையிதான், அதச் சக்கரத்துக்குப் பக்கத்துல கொண்டுபோனா. தொடல. பக்கத்துல வச்சுப் பாத்தா, இட்லிச் சட்டியில ஆவி வருதான்னு பாப்பாகள்ல, அந்த மாதிரி. வெடுக்குன்னு கைய எடுத்துக்கிட்டா. எந்திரிச்சு என் மொகத்தப் பாத்தா. "சுடுதுங்க"ன்னா. அம்புட்டுத்தான், உள்ள போயிட்டா.

சுடத்தான செய்யும் டீச்சர்? மலையவே எறங்கி வந்திருக்கு, சுடாம குளுகுளுன்னா இருக்கும்? பொம்பளைகளுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும். நான் வாசல்லயே நின்னேன். மருமகன் ஒரு சொம்பு மோரு கொண்டாந்து குடுத்தாரு. குடிச்சுட்டுத் திரும்பி வந்தேன். ஏத்தம் பூராம் அந்த மல்லிகைப்பூ வாடை வண்டிக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. தாங்க முடியல. ரோட்டோரமா நிப்பாட்டி அழுதேன். யாரும் பாக்கல.

இன்னைக்கும் ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாப்போம்னுதான் உங்களக் கூப்புட்டேன். ஆடிப் பதினெட்டுக்காச்சும் அவ வீட்டுக்கு வந்துட்டான்னா போதும். வரலைன்னா, மக தேனு ஒரு தடவ பேச்சுவாக்குல சொன்னா, அம்மாவுக்கு இங்கயே தையக்கடையில பட்டன் கட்டுற வேல கெடைச்சிருக்கு, பாக்கட்டும்பான்னு. வேலைக்குச் சேந்துட்டா அப்பறம் எங்கிட்டு வருவா? அதான் எனக்குப் பயம். இன்னைக்கு நீங்க சொல்றதுலதான் இருக்கு.

பெரும்பாறை தாண்டியாச்சு. இந்த எறக்கந்தான் கொஞ்சம் செங்குத்து. வேகம் போகுதேன்னு பாக்காதீங்க, போகட்டும், வளைவுல புடிச்சுக்கலாம். இப்ப, இந்தா. பாத்தீங்களா? பாத்தீங்களா டீச்சர்? கண்ணத் தொறந்து பாருங்க. என்ன வாடை? எனக்கு ஒண்ணும் அடிக்கலையே. புது லைனருல்ல, மொதல்ல கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்.

வந்தாச்சு, கருப்பசாமி கோயில் வளைவு. ஓரமா நிப்பாட்டிக்கிறேன். எல்லா வண்டியும் இங்க நின்னு சூடம் ஏத்தி, டீயக் குடிச்சு, அரட்டை அடிச்சுட்டுத்தான் எறங்குவானுக. நான் நிக்கிறதில்ல. அதுக்குள்ள மார்க்கெட்டுல வெலை எறங்கிரும். அவ இருக்கும்போதும் நிப்பாட்டச் சொல்லி நச்சரிப்பா, நான் இங்கருந்தே கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போயிருவேன். சாமிக்குத் தெரியாதா என்ன.

இருங்க, டவரு வந்துருச்சு. ஹலோ, தேனு? அம்மாட்டக் குடு. இல்லத்தா, நான் பேசல, எங்கூட ஒரு டீச்சர் வந்துக்கிட்டு இருக்காக, அவுகதான் பேசணுமாம். ஆமா, பள்ளிக்கூடத்து டீச்சர். குடு.

இந்தாங்க டீச்சர். நீங்களே பேசுங்க. நான் பக்கத்துல நின்னா நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு நெனைப்பா. அந்தக் கல்லுக்கிட்டப் போயி நிக்கிறேன். நெதானமாப் பேசுங்க, அவசரமில்ல.

பேசியாச்சா? என்ன இம்புட்டு நேரம் பேசுனீங்க? தூரத்துல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன், அவதான் நெறையப் பேசுறா போல, நீங்க தலைய ஆட்டிக்கிட்டே இருந்தீங்க. பிரேக்கப் பத்திச் சொன்னீங்களா? சொன்னீங்களா, நல்லது. என்ன சொன்னா?

அதக் கேட்டாளா? எஞ்சின் சத்தம் கேட்டுச்சான்னா கேட்டா? பிரேக்கப் பத்திக் கேக்கலையா? நீங்க என்ன சொன்னீங்க? சத்தமே இல்ல, அமைதியா வந்துச்சுன்னு சொன்னீங்களா. நல்லதாத்தான சொல்லிருக்கீங்க. தொட்டில் மாதிரி வந்துச்சுல்ல. அதுக்கு என்ன சொன்னா அவ?

எறங்குறீங்களா? இங்கயா? இன்னும் பாதி மலை இருக்கு டீச்சர். அவளா சொன்னா? "எறங்கிக்க தாயி, பஸ்ஸுல வா"ன்னு அவளா சொன்னா? அவ எதுக்கு அப்படிச் சொல்லணும்? நீங்க நல்லாத்தான வந்தீங்க? பயந்துட்டீங்களா? நீங்களும் பயந்துட்டீங்களா.

சரி. உங்க இஷ்டம். பையக் குடுங்க, நான் எறக்கி வைக்கிறேன். டீக்கடை ராசாமணியக்காகிட்டச் சொல்றேன், பஸ்ஸு வந்ததும் கையக் காட்டி ஏத்தி விட்டுருவாக. தலை சுத்துனா ஒரு சோடா குடிங்க.

வேற என்ன சொன்னா டீச்சர்? ஒண்ணு விடாமச் சொல்லுங்க. என்னைய இங்கயே நிக்கச் சொன்னாளா? சக்கரம் ஆறுற வரைக்கும் அசையக் கூடாது, தண்ணி ஊத்தக் கூடாது, தானா ஆறணும், அப்பறம் ரெண்டாவது கியருலயே மெதுவாப் போகணும்னா? சத்தியம் வாங்கச் சொன்னாளா உங்களைய? எங்கிட்ட? போயிச் சேந்ததும் போன் பண்ணச் சொல்லு, அது வரைக்கும் வாசல்லயே ஒக்காந்திருப்பேன்னு சொன்னாளா?

அது சும்மா டீச்சர். அவ இன்னும் பழைய வண்டிய நெனச்சுக்கிட்டுப் பேசுறா. அத விடுங்க. வண்டியப் பத்தித்தான இதெல்லாம். நான் கேக்குறது, என்னையப் பத்தி எதாவது கேட்டாளான்னு. எப்படி இருக்கேன், சாப்பிட்டனா, தனியா எப்படி இருக்கேன்னு. என்னையப் பத்தி. ஒரு வார்த்தை.

கேக்கலையா.

சரி, கேக்காட்டிப் போகுது. மார்க்கெட்டு முடிஞ்சிரும், நான் கெளம்புறேன். சத்தியமெல்லாம் எதுக்கு டீச்சர், கைய எடுங்க. கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க. சத்தம் இல்லாமப் போவேன்ல, வண்டி வாரது தெரியாது.